பிழையும் பிழைப்பும்: வளர்ந்தோரின் அன்றாட ஆங்கிலம் பற்றி

தமிழில் பிழை என்பதும் பிழைப்பு என்பதும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். தவறுதலைக் குறிக்கும் வினையே உயிர்தப்பி வாழ்தலையும் குறிக்கின்றது. பிறந்த ஊரை விட்டுப் புதிய நாடொன்றிற் குடியமரும் வளர்ந்த மனிதரின் மொழிநிலையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. பிழைபடப் பேச அஞ்சாதவர் அங்கே பிழைத்துக்கொள்கின்றார். பிழைக்கு அஞ்சுபவரோ வாய்மூடி, பிறர் வாயை நம்பி வாழ்கின்றார். கடல் கடந்தோர் அனைவரும் அறிந்த உண்மை இது. எனினும், இலங்கையில் தமிழ் பேசும் மக்களிடையே ஆங்கிலம் கற்பிக்கப்படும் முறையும், அதனைப் பேச முற்படுவோர் நடத்தப்படும் முறையும் இதற்கு நேர்மாறாகவே இன்றும் உள்ளன. இங்கே பேச்சுக்கு முன்னர் பிழையச்சமே கற்பிக்கப்படுகின்றது. அதனைக் கற்பித்தவர்கள் ஆண்டு சென்ற வெள்ளையர் மட்டும் அல்லர். ஆங்கிலம் கற்ற உள்ளூரவரே அவ்வச்சத்தின் தலைமை ஆசிரியர்களாக விளங்குகின்றனர்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பே, அலைச்சறுக்கு விளையாட்டினால் உலகின் பல நாட்டவரும் அறிந்த இடம். ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான பருவத்தில் அக்குடாவிற்குப் பல நாட்டு இளைஞர் வந்து தங்குவர். அவர்களை ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிக்காரரும், தோணிக்காரரும், தங்கு விடுதியிற் சமைப்பவரும் பெரும்பாலும் பொத்துவில், உல்லை ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களுட் பலர் பாடசாலையில் ஆங்கிலத்திற் சித்தியடைந்தவர்கள் அல்லர். ஆயினும், கூலி பேசுவர். நீரோட்டம் எங்கே வலிக்கும், பாறை எங்கே கிடக்கும் என்று எச்சரிப்பர். பாணமைப் பாதையில் மாலைக்குப் பின் யானை வரும் என்று தடுப்பர். கடன் சொல்லிப் போக முனைபவனை நிறுத்திப் பணம் பெறுவர். வினைச்சொல்லின் காலம் பிழைக்கும்; ஒருமை பன்மை மயங்கும். பொருள் மட்டும் பிழைப்பதில்லை.

இதே மாவட்டத்திற் பிறந்த ஒரு பட்டதாரியை இவர்களுக்கு எதிரே நிறுத்திப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் அவருக்கு ஒரு பாடமாக இருந்தது. பல்கலைக்கழகத்திலும் அது தொடர்ந்தது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்ற அவர் அறிவார். எனினும், இலண்டன் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் எங்கே தங்கப் போகின்றீர் என்று கேட்டதும் அவர் நா எழுவதில்லை. விடை தெரியாமையால் நேர்ந்த மௌனமன்று அது. விடையை மனத்துள் எழுதி, அதிற் பிழை உண்டா என்று திருத்தி, மீண்டும் எழுதி முடிப்பதற்குள் அதிகாரியின் பொறுமை தீர்ந்துவிடுகின்றது. ஒன்பது ஆண்டுக் கல்வி அவருக்கு அளித்தது மொழியன்று. சிவப்பு மையுடன் மனத்துள் அமர்ந்திருக்கும் ஒரு பரிசோதகரையே அது அளித்தது.

அப்பரிசோதகரின் பிறப்பினை வரலாற்று நோக்கில் ஆராய்தல் தகும். குடியேற்றவாத ஆட்சியில் ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணை ஏற்றியபோது, ஆங்கிலத்தின் சட்டவலு குறைந்ததேயன்றி அதன் சமூகவலு குறையவில்லை. சுயமொழிக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்குக் கொணர்ந்தது. அங்கே அவர்கள் கண்டது, ஆங்கிலம் பேசும் சிறு குழு ஒன்றின் கையில் உயர் தொழிலும் மதிப்பும் தொடர்ந்து இருந்ததையே. சிங்கள மாணவர் ஆங்கிலத்திற்கு 'கடுவ' என்று பெயரிட்டனர். வாள் என்பது அதன் பொருள். தமிழரான மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தம் கட்டுரையில் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இலங்கையில் அதிகார ஆயுதமாக இயங்கும் விதத்தை ஆராய்ந்தார். 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. சட்டம் பாலம் என்று கூறிய பின்னரும், பேச முற்படும் எளியவர் கழுத்தில் அது வாளாகவே வந்து நிற்கின்றது.

வாளை ஏந்தியிருப்போர் அதனை வெளிப்படையாக வீசுவதில்லை, சிரிக்கின்றனர். ஒரு கடைக்காரர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசினால், அதில் விடுபட்ட ஒரு 'த'வைக் கண்டு கற்றவர் புன்னகை பூக்கின்றார். ஒரு தாய் தொலைபேசியில் ஆங்கிலம் பேச முயன்றால், அவர் பெற்ற பிள்ளையே அவ்வுச்சரிப்பை நடித்துக் காட்டி வீட்டாரை மகிழ்விக்கின்றது. அரபு, சிங்களம் முதலிய மொழிகளைப் பிழைபடப் பேசுபவருக்குக் கிடைக்கும் பாராட்டு ஆங்கிலம் பேசுபவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. வேற்றுமொழிகள் அறிவாகவும் ஆங்கிலம் குலமாகவும் கருதப்படுவதே இதன் காரணம். குலத்திற் பிறவாதவன் குலத்தவர் போல் நடந்தால் எழும் ஏளனமே இச்சிரிப்பு. வளர்ந்தோர் ஆங்கிலம் கற்பதற்குப் பெருந்தடை வயது என்பர், மறதி என்பர், நேரமின்மை என்பர். இவை அனைத்தினும் பெரிய தடை இந்தச் சிரிப்பே.

அறுகம்பேக் கடற்கரையை ஆங்கிலக் கல்வியின் சுவர்க்கமாகப் புனைந்துரைத்தலும் பொருந்தாது. அங்கே கற்கப்படுவது பெரும்பாலும் விற்பவனின் ஆங்கிலம். வருபவரை மகிழ்விக்கும் ஆங்கிலம். மறுத்துரைக்க, முறையிட, கையொப்பமிடுமுன் விளக்கம் கேட்க அது போதாது. மேலும், அது ஆண்களின் கடற்கரை. பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களின் முஸ்லிம் பெண்களும், இடையிடையே அமைந்த தமிழ்க் கிராமங்களின் பெண்களும் அந்நியரோடு பேசிப் பழகும் வாய்ப்பினைப் பெறுவது அரிது. ஆயின் கணவரோடு சேரப் பிரித்தானியாவிற்கோ கனடாவிற்கோ செல்பவர்களும், வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்பவர்களும் இவர்களே. பழகும் இடம் ஆணுக்கு. பரீட்சையும் பயணமும் பெண்ணுக்கு. இம்முரண்பாட்டைப் பேசாது அன்றாட ஆங்கிலம் பற்றிப் பேசுதல் வீண்.

அன்றாட ஆங்கிலம் என்பது யாது? அது இலக்கண நூலின் எளிய பதிப்பு அன்று. பழகு வழக்குகளின் தொகுதி. தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே தங்கியுள்ளது. 'தண்ணீர் தாருங்கள்' என்பதில் வேண்டுகோளும் வணக்கமும் ஒருங்கே உள்ளன. அதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'கிவ் மீ வோட்டர்' என்றால், ஆங்கிலக் காதுக்கு அது கட்டளையாகவே ஒலிக்கும். ஆங்கிலத்தில் மரியாதை வினையின் ஈற்றில் இல்லை; 'குட் யூ', 'பிளீஸ்' என்னும் முன்னடை பின்னடைகளில் உள்ளது. பண்பிற் சிறந்த ஒரு மூதாட்டி, மொழிபெயர்ப்பின் பிழையால், கடைச் சிப்பந்தியின் கண்ணுக்கு முரட்டுப் பெண்ணாகத் தோன்றுகின்றார். அவருக்குத் தேவை வினைத்திரிபு அட்டவணை அன்று. மூன்று வேண்டுகோள் வடிவங்களை நா தழும்பேறும் வரை சொல்லிப் பழகும் ஒரு வாரமே.

இதனினும் ஆபத்தானது ஓம் என்னும் விடை. 'வலி இல்லையா?' என்று கேட்டால், வலி இல்லாத தமிழர் 'ஓம், இல்லை' என்பர். கேட்டவரின் கூற்றுச் சரி என்பதே அந்த 'ஓம்' குறிப்பது. ஆங்கிலத்திலோ, வலி இல்லாதவர் 'நோ' என்றே சொல்லவேண்டும். அங்கே 'யெஸ்' என்றால் வலி உண்டு என்று பொருள்படும். வைத்தியசாலையில் தாதி கேட்கும் எதிர்மறைக் கேள்விகளுக்கெல்லாம் தமிழ் மரபில் 'யெஸ்' என்று தலையசைக்கும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்படுவது அவர் நோயாக இராது. அத்தலையசைப்பும், இருபுறம் ஆடும் இயல்பினால், உடன்பாடோ மறுப்போ என்று அந்நியருக்கு விளங்குவதில்லை. எந்தப் பாடப்புத்தகம் இதனைத் தமிழருக்கு எடுத்துக் கூறுகின்றது?

பெயரும் ஒரு சிக்கலே. கிழக்கிலங்கையிற் பெரும்பாலோர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். அந்நிய நாட்டுப் படிவம் முன்வருவதைச் சொந்தப் பெயர் என்றும், பின்வருவதைக் குடும்பப் பெயர் என்றும் கொள்ளும். வைத்தியசாலையின் காத்திருப்பு மண்டபத்தில் தந்தையின் பெயர் ஒலிக்க, தம்மையே அழைக்கின்றனர் என்பதை அறியாது மகள் அமர்ந்திருப்பாள். முறை தப்பிப் போகும். ஒரே வீட்டிற் கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவர்க்கும் மூன்று குடும்பப் பெயர்கள் பதிவாகும்; மூவரும் உறவினரா என்று அலுவலகம் ஐயுறும். இவை தவிர, பதினைந்து, ஐம்பது என்னும் எண்களுக்குரிய ஆங்கிலச் சொற்கள் ஒலியால் நெருங்கியவை. அழுத்தம் விழும் இடமே அவற்றைப் பிரிக்கும். வாடகை, மருந்தின் அளவு, பஸ்ஸின் இலக்கம் யாவும் எண்களே. 'போய்விட்டு வருகிறேன்' என்று விடைபெறும் பண்பாட்டில் வளர்ந்தவர், அலுவலகத்தில் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுந்தால், அவர் திரும்பி வருவார் என்று அங்கே ஒருவர் காத்திருப்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பழக வேண்டியவை விளங்கவில்லை என்று சொல்லும் வாக்கியங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், மீண்டும் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள், இதில் இப்போது கையொப்பமிட மாட்டேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இவ்வைந்தினையும் தயக்கமின்றிச் சொல்லக் கற்றவர், ஆங்கிலத்தில் வேறொன்றும் அறியாதவராயினும், பாதி விடுதலை பெற்றவர். இலக்கணம் முழுதும் கற்று இவ்வைந்தினையும் சொல்லக் கூசுபவர், 'யெஸ்' என்னும் ஒரே சொல்லால் தம் கூலியையும் உரிமையையும் இழப்பார்.

ஆனால் கல்முனை முதல் கொழும்பு வரை சுவர்தோறும் ஒட்டப்படும் விளம்பரங்கள் வேறொன்றை விற்கின்றன. மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம் என்பது அவற்றின் வாக்குறுதி. உள்ளே நடப்பதோ பழைய இலக்கண வகுப்பே. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார்; ஐம்பது பேர் பார்த்து எழுதுவர். ஒரு மணி நேர வகுப்பில் ஒருவருக்குப் பேசக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடமும் தேறாது. நீச்சல் கற்பிப்பதாகக் கூறிக் கடலின் படத்தைக் காட்டி அனுப்புவதற்கு ஒப்பானது இது. வகுப்பில் தமிழ் பேசினால் தண்டம் என்னும் விதி இதன் மகுடம். வளர்ந்த மனிதர் ஏற்கெனவே ஒரு மொழியில் உலகை அறிந்தவர். பேரம் பேசவும் வாதிடவும் ஆறுதல் கூறவும் வல்லவர். அவ்வறிவைத் தமிழ் வழியே தொட்டு ஆங்கிலத்திற்கு இட்டுச் செல்லாமல், அவரை மூன்று வயதுக் குழந்தையாக்கி, பழங்களின் பெயரை ஒப்புவிக்கச் செய்தல் அவமதிப்பேயாகும்.

உள்ளூரின் குற்றம் இதுவெனில், வரவேற்கும் நாடுகளின் குற்றம் வேறு வகையினது. மொழியைப் படிக்கட்டாக வைப்பதினும் வாயிற்கதவாக வைப்பதில் அவை நெடும் பழக்கம் உடையவை. அவுஸ்திரேலியா 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், வருபவருக்கு ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதச் செய்யும் பரீட்சையை ஏற்படுத்தியது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். வெள்ளையரல்லாதாரைத் தடுப்பதே அதன் நோக்கம். 1934இல், பல மொழிகள் அறிந்த எகொன் கிஷ் என்னும் பத்திரிகையாளரை அவருடைய அரசியற் கருத்துக்காக விலக்க விரும்பிய அதிகாரிகள், அவருக்கு ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிற் பரீட்சை வைத்தனர். உயர் நீதிமன்றம் அச்செயலை ஏற்கவில்லை. பரீட்சையோ 1958 வரை சட்டத்தில் நிலைத்தது. மொழிப் பரீட்சை எப்போதும் மொழியைத்தான் சோதிக்கின்றது என்று நம்புவோர் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று.

பிரித்தானியாவின் வரலாறு அண்மையது. இங்கிலாந்தில் குடியேறிய வளர்ந்தோர் அனைவர்க்கும் பொதுவாகக் கிடைத்துவந்த இலவச ஆங்கில வகுப்பு 2007இற் கட்டுப்படுத்தப்பட்டது. 2010 நவம்பர் 29 முதல், அந்நாட்டில் வாழும் துணைவரோடு சேர விரும்பும் பெரும்பாலான வெளிநாட்டவர் நுழைவதற்கு முன்னரே தொடக்கநிலை ஆங்கிலப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டும் என்னும் விதி வந்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளுக்கான அரச நிதி பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. 2016 சனவரியில், பிரதமர் டேவிட் கமரன் முஸ்லிம் பெண்கள் ஆங்கிலம் கற்க இரண்டு கோடிப் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தார். அதே மூச்சில், முன்னேற்றம் காட்டாதோர் நாட்டிற் தொடர்ந்து தங்குவது உறுதியன்று என்றும் எச்சரித்தார். வகுப்பைக் குறைத்தவரே கல்லாமையைக் குற்றமாக்குதல் எவ்வகை நீதி? கிணற்றைத் தூர்த்தபின் குடம் வெறுமையாய் இருப்பதற்குப் பெண்ணை வைதல் போன்றதே அது.

வேறு வழி இல்லாமலில்லை. அதே அவுஸ்திரேலியா 1948 முதல் குடிவந்த வளர்ந்தோர்க்கு ஆங்கில வகுப்புத் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றது. நெடுங்காலம் ஒருவருக்கு 510 மணி நேரம் என்றிருந்த வரம்பு 2021இல் நீக்கப்பட்டது; மனிதர் மொழி கற்கும் வேகம் ஒன்றன்று என்பதை அந்நாடு காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டது. கனடா 1992இல் புதிதாய்க் குடியேறுவோர்க்கான இலவச மொழி வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ரொறன்ரோவில் குடியேறிய ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த சூழல் அது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வைத்து நடத்தப்படும் வகுப்புகள் இருப்பதால் தாய்மாரும் சென்று அமர முடிகின்றது. எனினும் குடியுரிமை கோரும் 18 முதல் 54 வயது வரையானோர் பேச்சிலும் கேட்டலிலும் குறித்த தரத்தைக் காட்டவேண்டும் என்னும் விதி அங்கும் உண்டு. இரண்டு வேலை செய்து இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புபவருக்கு இலவச வகுப்பும் எட்டாக் கனியே.

இவ்வாறு உள்ளூர் ஏளனத்திற்கும் வெளியூர்க் கதவுக்கும் இடையே அகப்பட்டவரின் வீட்டில் யாது நிகழ்கின்றது? பிள்ளை மொழிபெயர்ப்பாளராகின்றது. பத்து வயதுச் சிறுவன் தாயோடு வைத்தியரிடம் செல்கின்றான். தாயின் உடலைப் பற்றி அவன் கேட்கத் தகாதவற்றைக் கேட்கின்றான். தாய் மகனிடம் சொல்லத் தகாதவற்றைச் சொல்லாது மறைக்கின்றாள். நோய் சொல்லப்படாமலே மருந்து எழுதப்படுகின்றது. பாடசாலை அனுப்பிய முறைப்பாட்டுக் கடிதத்தைக் குற்றம் செய்த பிள்ளையே பெற்றோருக்கு வாசித்துக் காட்டுகின்றது! அதிகாரம் தலைகீழாகின்றது. பெற்றோர் பிள்ளையிடம் அனுமதி கேட்கும் நிலை உருவாகின்றது. ஆண்டுகள் செல்லப் பிள்ளையின் தமிழ் தேய்கின்றது. பெற்றோரின் ஆங்கிலமோ வளர்வதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் மொழிப்பெயர்ச்சி பற்றி 2008இல் எழுதிய ஆய்வு, வீட்டுக்குள் மட்டும் தமிழைக் காக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையிற் கட்டுவது எவ்வளவு கடினமானது என்பதை உணர்த்தும். ஒரே கூரையின் கீழ் ஒரு மொழியும் பொதுவில் இல்லாத குடும்பங்கள் தோன்றுமாயின், இழக்கப்படுவது வேலையும் வருமானமும் மட்டுமன்று.

ஈண்டு இரு சாரார் மறுப்பு எழுப்புவர். ஆங்கிலத்தை இவ்வாறு பரப்பினால் தமிழ் அழியும் என்பார் ஒரு சாரார். வரலாறே அவர்க்கு விடை கூறும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, முஸ்லிம்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று இடையறாது வலியுறுத்தினார். 'அசன்பே சரித்திரம்' என்னும் தமிழ் நாவலை 1885இல் எழுதியவரும் அவரே. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அசீஸ், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். ஆங்கிலம் கற்றுச் சிவில் சேவையில் உயர்ந்த அவர், முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்று உறுதியுடன் நின்றவர். இம்மூவரும் ஆங்கிலத்தால் தமிழை இழந்தவர்கள் அல்லர். தமிழின் மீது உறுதியாய் நின்றவர்க்கு ஆங்கிலம் கருவியாயிற்று. தமிழை இழிவென்று கருதியவர்க்கே அது எசமானாயிற்று.

பிழையைப் பொறுத்தால் பிழையே நிலைக்கும். கொச்சை ஆங்கிலம் பேசுவோர் என்றும் கூலிகளாகவே இருப்பர் என்பார் மற்றொரு சாரார். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. விற்பவனின் ஆங்கிலத்தோடு நின்றுவிடுதல் தகாது. படிவமும் ஒப்பந்தமும் வாசிக்கும் ஆங்கிலம் வரையேனும் செல்லவேண்டும். ஆயினும் வரிசையை மாற்றிப் பேசுகின்றனர் இவர்கள். திருத்தத்திற்கு முதலிற் பேச்சு வேண்டும். வாய் திறவாதவரிடம் திருத்துவதற்கு யாது உளது? குழந்தையின் மழலையை எள்ளி நகையாடி எந்தத் தாயும் பேச்சுக் கற்பித்ததில்லை. பிழை விடுவோர்க்கு ஒரு நீதியும் தமக்கு ஒரு நீதியும் வைத்திருப்போர் இவர்கள். தாம் பேசும் ஆங்கிலத்திலும் இலங்கை வழக்கு மலிந்துள்ளது என்பதனை இலண்டன் கடைத்தெருவில் ஒரு நாள் நின்றால் அறிவர்.

ஆகவே செய்யத்தக்கது யாது? கல்முனையிலும் பொத்துவிலிலும் உள்ள நூலகங்களும் பாடசாலைகளும் மாலை வேளைகளில் வெறுமையாய்க் கிடக்கின்றன. அங்கே பரீட்சையற்ற, சான்றிதழற்ற பேச்சு வட்டங்கள் அமைதல் வேண்டும். எட்டுப் பேருக்கு மேற்படாத வட்டம். பெண்களுக்குத் தனி வட்டம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். நடத்துபவர் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர். ஒரு மாலைக்கு ஒரு நிலைமை: மருந்தகம், வாடகை வீடு, பாடசாலை வாயில், தொலைபேசி அழைப்பு, பொலிஸ் நிலையம். முதலில் அந்நிலைமையைத் தமிழிற் பேசி, எது கேட்கப்படும், எதனை மறுக்கலாம் என்று தெளிந்து, பின்னர் அதனை ஆங்கிலத்தில் இருவர் இருவராக நடித்துப் பழகுதல் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறித்துத் திருத்தலாகாது. பேச்சு முடிந்தபின், பொருளைக் கெடுத்த பிழை ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்தினாற் போதும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பணிப்பெண்களுக்குப் புறப்படுமுன் பயிற்சி அளிக்கின்றது. குடும்பத்தோடு சேரச் செல்லும் மனைவிக்கோ, முதுமையில் மக்களிடம் செல்லும் பெற்றோர்க்கோ அத்தகைய பயிற்சி எதுவும் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்புதல் ஊரவரின் கடன்.

இதில் முதற்பொறுப்பு ஆங்கிலம் வாய்க்கப்பெற்ற மாணவருக்கே உரியது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இக்கரையோரத்தின் நடுவில், ஒலுவிலிலேயே நிற்கின்றது. அதன் மாணவரும், பேராதனையிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பயிலும் இப்பகுதியின் பிள்ளைகளும், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வாரம் இரு மாலைகளைத் தம் தாய்மார்க்கும் மாமிமார்க்கும் அளித்தால், பத்தாண்டில் இக்கரையோரத்தின் முகமே மாறும். தமிழ்ச் சங்கங்கள் தமிழின் தொன்மையைப் பேசுதல் வேண்டுவதே. தமிழ் பேசும் மனிதர் அந்நிய மண்ணில் ஊமையராய் நிற்பது தமிழுக்குச் சிறப்புச் சேர்க்காது என்பதனையும் அவை பேசுதல் வேண்டும். தன் மொழியில் வாதிட வல்லவர் பிற மொழியிலும் தம் நியாயத்தை எடுத்துரைக்கும்போதே, அம்மொழியினரும் இவர் மொழிக்கு மதிப்பளிப்பர்.

பேச முற்படுவோரைப் பார்த்துச் சிரிப்பவர் தாம் ஒருவரை வாசலில் நிறுத்தி வைக்கின்றார் என்பதனை உணர்தல் வேண்டும். அந்நிய அரசின் கதவினைத் திறப்பது கல்முனையிலுள்ளவரின் கையில் இல்லை. தம் ஊரவரின் வாயைப் பூட்டிய பூட்டின் திறவுகோல் அவர்கள் கையிலேயே உள்ளது. நாளை மாலை ஒரு தாய் நடுங்கும் குரலில், காலம் பிழைத்து, 'த' விடுபட்டு, ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திற் சொல்லும்போது, கற்றவர் செய்யவேண்டிய முதற்பணி ஒன்றே: அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டு, சொன்ன பொருளுக்கு விடை கூறுதல்.